சாப்பாட்டு கேரியரில் ஒரு சிட்டிகை

பனைமரத்துக்கு அடியில் நின்று பால் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நான் எத்தனையோ பேருக்குச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் விஷயத்தில் மட்டும் அது எனக்கு ஞாபகமே வரவில்லை. அவர் பாலைத்தான் குடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் அதைக் கள் என்று சொன்ன ஆள் நான்.

ஈஜிபுராவில் மூன்றாம் மாடியில் ஒரு ரூமும் ஒரு கிச்சனும் எங்கள் வீடு. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். நான் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் காலர் தைக்கிற லைனில் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். ஒரே மகள், பி.யூ. காலேஜில் படிக்கிறாள், தமிழ்நாட்டில் பிளஸ் டூ என்பார்களே அது. அவர் பிறந்து வளர்ந்தது தங்கவயல். சுரங்கம் மூடின பிறகு ஊரில் பாதிப் பேர் காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து போனார்களே, அந்தக் கூட்டத்தில் அவரும் ஒருவர். வந்து போய், வந்து போய்க் களைத்து, கடைசியில் இங்கேயே ஒதுங்கிவிட்டார்.

கல்யாணமான புதிதிலிருந்தே குடித்தார். பொய் சொல்ல மாட்டேன், அடிக்க மாட்டார், கத்த மாட்டார். குடித்துவிட்டு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் வேன் ஓட்டுகிறவர். இருபது பிள்ளைகள் ஏறுகிற வண்டி.

எதிர்வீட்டு அக்காதான் வழி சொன்னார். மகள் அப்போது ரெண்டாம் கிளாஸ்.

“கண்ணு, என் தம்பி எப்டி இருந்தான்னு உனக்குத் தெரியாது. மோரிலதான் கெடப்பான். இப்ப பாரு, மாலை போட்டு மலைக்குப் போறான்.”

மோரி என்றால் இங்கே சாக்கடை. “இன்னாக்கா பண்ணீங்க?” என்றேன்.

“பொடி. சோத்துல கலந்து குடுத்துட்டேன். ஆனா ஒண்ணு, அவங்களுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா மருந்து பலிக்காது. பொண்டாட்டி கையாலயே கலக்கணும். வேற யாருக்கும் வாயத் தொறக்காத.”

மார்க்கெட் பக்கத்துச் சந்தில் போர்டு எதுவும் இல்லாத ஒரு சின்னக் கடை. வேரும் பட்டையும் பாட்டில் பாட்டிலாக இருந்தன. அந்த ஆள் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பொடியை மடித்துக் கொடுத்தார். மணமும் இல்லை, ருசியும் இல்லை. “மொளகு அளவு போதும்மா. தெனமும் குடு. விட்டுட்டாருன்னு நிறுத்திடாத. நிறுத்துனா ரெட்டிப்பாத் திரும்பும்.”

அவருக்கு மூன்று அடுக்கு எவர்சில்வர் கேரியர் ஒன்று இருந்தது. மேல் அடுக்கில் சோறு, நடுவில் சாம்பார், கீழே பொரியல். நடு அடுக்கில் அந்தச் சிட்டிகையைப் போட்டு ஸ்பூனால் கலக்கி மூடுவேன். நாங்கள் சாப்பிடுகிற சாம்பாரில் ஒரு நாளும் போட்டதில்லை. அதில் நான் கெட்டிக்காரி. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருடைய காபியில்.

ஒன்றரை மாதத்தில் குடியை விட்டார். ஒரு நாள் சாயங்காலம் வேன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, “இனிமே அது வேணாம்மே” என்று மட்டும் சொன்னார். நான் ஏன் என்று கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே என்று நினைத்தேன். லைனில் கூட வேலை செய்கிற பெண்கள் எப்படி விட்டார் என்று கேட்டால், “எல்லாம் என் கைப்பக்குவம்” என்பேன். அவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான் ஒன்பது வருஷம் கொடுத்தேன். பொடி தீர்ந்தால் போய் வாங்கிவருவேன். உப்பு, புளி மாதிரி அதுவும் ஒரு சாமான் ஆகிவிட்டது. அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன டப்பா.

இடையில் அவருடைய உள்ளங்கை காய்ப்புக் காய்த்தது. கம்பு தானியத்தை ஒட்டவைத்தது மாதிரிச் சின்னச் சின்ன முடிச்சுகள். ஸ்டியரிங் பிடிக்கிற கை அப்படித்தான் இருக்கும் என்றேன். உள்ளங்காலிலும் வந்தது. கிளட்ச் மிதிக்கிற கால் என்றேன். நெஞ்சிலும் முதுகிலும் புழுதியில் தூறல் விழுந்த மாதிரி கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள். தேமல் என்று மஞ்சள் பூசிவிட்டேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. பேசத் தெரிந்தவளுக்கு அதுதான் கேடு.

இடது விலாவுக்குக் கீழே ஏதோ கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது என்று சில மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மதியம், பிள்ளைகளைக் கூட்டிவரக் கிளம்புகிற நேரம், வேனுக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தார். முதலில் காபித் தூள் மாதிரி, பிறகு சிவப்பாக. வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஆயாம்மாதான் எனக்குப் போன் செய்தார். நான் மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

பக்கத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சோறு இறங்குகிற குழாயில் ரத்த நரம்புகள் வீங்கிப் புடைத்து, அதில் ஒன்று வெடித்திருக்கிறது. ரப்பர் வளையம் மாட்டிக் கட்டினார்கள். அங்கே இருந்த இளவயது டாக்டர் கேட்டார்.

“எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?”

“விட்டு ஒம்போது வருஷம் ஆச்சு சார்.”

“சரி சரி. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. மண்ணீரல் இவ்ளோ பெருசா வீங்கியிருக்கு.”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நீயாவது சொல்லேன் என்கிற பார்வை. நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். எனக்கே சந்தேகம். நரம்பு வெடித்து ரத்தம் கக்கினால் அது குடி. எங்கள் பக்கத்தில் யாருக்கு அது தெரியாது? ரெண்டு சித்தப்பாக்கள் அப்படித்தான் போனார்கள்.

பள்ளிக்கூடத்தில் நல்ல மாதிரியாகப் பேசித்தான் நிறுத்தினார்கள். ஓய்வு எடுங்கள் என்றார்கள். பிள்ளைகளை அனுப்புகிற அம்மாக்கள் அதற்கு முன்பே பேசி முடித்திருந்தார்கள். ஆயாம்மா என்னிடம், “தினமும் காலைல பக்கத்துல தான ஒக்காருவேன், ஒரு நாள் கூட வாடை அடிச்சதில்லம்மா” என்றார். அதையும் நான் நம்பவில்லை. வாடை தெரியாத சரக்கும் இருக்கிறது என்று யாரோ சொன்னதை நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அவருடைய சட்டையை மோந்து பார்த்தேன். பரண் மேலே பாட்டில் தேடினேன். அவர் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, அவள் தலைமேல் கையை வைத்தார்.

“சத்தியமா தொடலம்மே.”

“குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு” என்றேன் நான்.

பழமொழி என் வாயில் எப்போதும் ரெடியாக இருக்கும். அவர் கையை எடுத்துக்கொண்டார். மகள் உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? மருந்து பத்தவில்லை என்று முடிவு செய்தேன். மிளகு அளவை ரெண்டு மிளகாக்கினேன். வீட்டிலேயே இருக்கிறார், கேரியர் இல்லை. காலைக் கஞ்சியில் போட்டேன்.

ஐந்து மாதத்தில் மறுபடியும் ரத்தம். இந்த முறை நிறைய. பெரிய கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு டாக்டரம்மா, ஓசூர் பக்கத்துக்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். நான்கு நாள் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி விட்டுக் கல்லீரலில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்.

“குடிச்சுக் கெட்ட லிவர் சுருங்கி, கரடுமுரடா இருக்கும். உங்களுது அப்படி இல்ல. லிவர் வேலைய ஒழுங்காத்தான் செய்யுது. குடல்ல இருந்து லிவருக்குப் போற ஒரு பெரிய ரத்தக்குழாய் இருக்கு. அது உள்ள போய்க் கிளை பிரியுற எடத்துல தடிச்சுக் கெடக்கு. அதனால குழாய்ல பிரஷர் ஏறிப்போச்சு.”

“அதாவது டாக்டர்,” என்றார் இவர், “ஓசூர் ரோடு ஜாம் ஆனா வண்டியெல்லாம் சந்துல பூந்து மோரி மேல கல்ல ஒடைக்குமே, அப்படியா?”

“அதேதான். அந்தச் சந்துதான் உங்க சாப்பாட்டுக் குழாய்ல இருக்கற நரம்பு.”

“அப்போ குடியால வரல?”

“குடியால வரல.”

அவர் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. ஒரு சின்னச் சிரிப்பு. பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி.

பின்னே எதனால் என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் அபூர்வமான காரணங்கள், ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றார். பிறந்தபோது தொப்புளில் சீழ் வைத்ததா?

“கேட்டுச் சொல்ல அம்மா இல்லையே டாக்டர்.”

“வெளிநாட்ல ஆறு, குளத்துல எறங்கிக் குளிச்சிருக்கீங்களா? அங்க ஒரு புழுவால இப்படி வரும்.”

“அல்சூர் ஏரிலயே கால் நனைச்சதில்ல. வெளிநாட்டுக்கு எங்க போறது?”

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கூடச் சிரித்தார். ரத்தம் சீக்கிரம் உறைகிற வியாதி வீட்டில் யாருக்காவது உண்டா? வைட்டமின் மாத்திரை வருஷக்கணக்கில் சாப்பிட்டீர்களா? இல்லை, இல்லை என்றே வந்தது. பிறகு டாக்டரம்மா அவருடைய கையைப் பிடித்து, உள்ளங்கையை மேலே திருப்பி, கட்டை விரலால் தடவினார். சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார்.

“நாட்டு மருந்து ஏதாவது எடுத்துக்கிட்டீங்களா? பொடி, லேகியம், பஸ்பம்? ரொம்ப வருஷமா?”

“ஒண்ணும் இல்ல டாக்டர். தலைவலிக்குத் தைலம் தேச்சதோட சரி.”

என் காதுக்குள் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

“இது பாஷாணம் உடம்புல சேர்ந்த மாதிரி இருக்கு. ஆர்செனிக். கொஞ்சம் கொஞ்சமா, வருஷக்கணக்குல. குடிக்கிற தண்ணி எப்படி?”

அவர் யோசித்தார். “எங்க ஊரு தங்கவயல் டாக்டர். சுரங்கத்து மண்ண மலை மாதிரி கொட்டி வச்சிருப்பாங்க. சின்ன வயசுல அந்தக் காத்துலதான் வெளையாடுவோம். அதுவா இருக்குமோ?”

அதுதான், அதுதான் என்று நான் வேகமாகத் தலையாட்டினேன். ஒரு ஊரே என் பாவத்தைச் சுமக்கட்டும் என்று நினைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

“அண்ணன் தம்பிங்க உண்டா? அவங்களுக்கு இப்படிக் கை, கால்?”

“ரெண்டு பேர். அவங்க நல்லாத்தான் இருக்காங்க.”

“அப்போ அதுவா இருக்க வாய்ப்பு கம்மி. இப்ப இருக்கற வீட்டுத் தண்ணியப் பார்ப்போம்.”

அன்று முழுக்க அவர் அதையே பேசிக்கொண்டிருந்தார். போர் தண்ணீர்தான் காரணம் என்றால் அந்தக் கட்டடத்தில் எட்டுக் குடும்பம் இருக்கிறதே என்றார். எதிர்வீட்டு அக்காவுக்குப் போன் போட்டு, கேன் தண்ணீர் வாங்கச் சொல்லு என்றார். மகளிடம் கையைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். மறுநாள் டாக்டரம்மா வந்ததும் முதல் வார்த்தையாக, “என் பொண்ணையும் டெஸ்ட் பண்ணுங்க டாக்டர். அதே தண்ணிதான் அவளும் குடிக்கறா. எனக்கு வந்தது வந்துடுச்சு, அவ சின்னப் பொண்ணு” என்றார். மகள் சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு நின்றாள். நர்ஸ் ஊசியைக் கையில் எடுத்துவிட்டார்.

சும்மா இருந்திருக்கலாம். வீட்டுக்குப் போய் அந்த டப்பாவை மோரியில் கொட்டினால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

“அவளுக்கு வேணாம்” என்றேன். “தண்ணில இல்ல. நான் போட்டேன்.”

யாருக்கும் புரியவில்லை. நானே முழுக்கச் சொன்னேன். கடை, பொடி, கேரியரின் நடு அடுக்கு, ஞாயிற்றுக்கிழமைக் காபி, கடைசி ஐந்து மாதம் ரெட்டிப்பு. பேச்சில் வல்லவள் என்று பெயர் எடுத்தவளுக்கு அன்று ஒரு பழமொழியும் வரவில்லை. மகள் சுருட்டிய சட்டைக் கையை இறக்கவே இல்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. மீதிப் பொடியைக் கொண்டுவரச் சொன்னார். இவருடைய நகத்தையும் முடியையும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். அப்படியே பேசினார்.

“அன்னிக்கு ஒரு நாள் குடிச்சுட்டு வந்து ஒக்காந்திருந்தேன். பாப்பா தண்ணி கொண்டாந்து குடுத்துது. எட்டி நின்னு குடுத்துது. கை மட்டும் நீட்டுச்சு. அன்னிக்கு விட்டேன்.”

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஒரு மாசம் கை நடுங்கும். ஸ்டியரிங்க இறுக்கிப் புடிச்சுக்குவேன். யார்கிட்டயும் சொல்லல. நானா விட்டேன்மே.” மூச்சு வாங்கினார். “பொடி போட்டது கூடப் போவுது. உனக்குத் தெரியாது. ஆனா நானா விட்டேன்னு ஒரு நாளாவது உனக்குத் தோணலையே.”

எதிர்க்கட்டில் ஆளின் மனைவி மண்டியாக்காரம்மா, கன்னடம் பேசுகிறவர். எங்களுக்குள் என்ன நடந்தது என்று அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். நான் வராண்டாவில் அழுதுகொண்டிருந்தபோது முதுகில் கை வைத்து, “மாத்து ஆடிதரெ ஹோய்த்து, முத்து ஒடெதரெ ஹோய்த்து” என்றார். வாயை விட்டு வந்த சொல்லும் போனது போனதுதான், உடைந்த முத்தும் போனது போனதுதான். எனக்குத் தெரிந்த சொலவடைதான். எனக்குப் போனது சொன்ன சொல் மட்டும் இல்லை என்று அவருக்கு எப்படி விளக்குவது?

பொடியில் பாஷாணம் இருந்தது. நகத்திலும் இருந்தது. இதனால்தான் என்று நூற்றுக்கு நூறு எழுதித் தர முடியாது, ஆனால் வேறு எதுவும் பொருந்தவில்லை என்றார் டாக்டரம்மா. இனி விஷம் சேராது, ஆனால் தடித்த குழாய் இளகாது என்றார். கைக்காய்ப்புகளில் எதுவும் புண்ணாகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார், அது புற்றாக மாறக்கூடுமாம். நரம்பு வீங்க வீங்க வளையம் மாட்டலாம். அதற்கும் அடங்காவிட்டால் ஆபரேஷன். அவருக்கு ரத்தம் இப்போது இவ்வளவு குறைந்து கிடக்கிறபோது அதையும் துணிந்து செய்ய முடியாது.

சந்தில் அந்தக் கடையைத் தேடிப்போனேன். அங்கே மொபைல் கவர் விற்கிறார்கள். எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னபோது, அவர் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே, “எல்லாருக்கும் ஒத்துக்குச்சு கண்ணு, உங்க ஆளுக்கு ஒத்துக்கல” என்றார்.

“உங்க தம்பிய ஒரு தடவ கூட்டிட்டுப் போய்க் காட்டுங்கக்கா.”

“அவனுக்கு இன்னா? நல்லாத்தான் கீறான்” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை நான் எழுந்தபோது கிச்சனில் வெளிச்சம். அவர் நின்றுகொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தார். நான் வாங்கப் போனேன். “நீ வேலைக்குக் கெளம்பு, லேட் ஆவும்” என்றார், சாதாரணமாக. குக்கர் வைக்கத் தெரியாமல் பாத்திரத்தில் வேகவைத்தார். கஞ்சி அடிப்பிடித்தது. அதையே குடித்தார். மதியத்துக்கும் அவரே வைத்துக்கொண்டார். இன்றுவரை அப்படித்தான். சண்டை இல்லை. நான் கேட்டால் பதில் சொல்வார், மகளின் படிப்பைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசுவார். நான் செய்ததை எடுத்து வைத்தால், “பசி இல்ல” என்பார். தட்டை நகர்த்தக்கூட மாட்டார். அது ஆறிப்போகும்.

ஒரு தடவை அவர் கண்ணெதிரே நானே முதலில் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அப்படியெல்லாம் பண்ணாதம்மே” என்றார். அதற்குப் பிறகு நான் அப்படிச் செய்யவில்லை.

மகள் அவரோடு சேர்ந்து அவர் வைத்ததைச் சாப்பிடுகிறாள். காரணம் சொல்லமாட்டாள்.

போன வாரம் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கட்டிய இடத்துக்குக் கீழே புதிதாக ரெண்டு நரம்புகள் புடைத்திருக்கின்றன. அடுத்த செவ்வாய்க்கிழமை வளையம். டாக்டரம்மா முன்பு போல நிறையப் பேசவில்லை. வரும்போது பஸ்ஸில் அவருக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. தோளில் சாய்ந்துகொள்ளுங்கள் என்றேன். சாய்ந்தார். உடம்பில் கனமே இல்லை.

இன்று காலையும் கஞ்சி வைத்தார். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றி அடுப்புக்குப் பக்கத்தில் மூடி வைத்திருந்தார். உப்பு கம்மி. நான் போட்டுக்கொள்ளவில்லை. நின்றபடியே குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு பஸ்ஸுக்குப் போனேன்.